எதிர்பார்ப்பு இல்லாத மாப்பிள்ளை

போன சனிக்கிழமை பம்மலில் ஒரு பேக்கரியில் உட்கார்ந்து, ஒரு பெரியவரிடம், அவர் பெண்ணுக்கு வந்திருக்கும் மாப்பிள்ளை உலகத்திலேயே இல்லை என்று சொல்ல வேண்டியிருந்தது.

செத்துப் போகவில்லை. ஓடிப் போகவில்லை. பிறக்கவே இல்லை.

சனிக்கிழமை என்பது எனக்குத் தூங்குவதற்காகக் கொடுக்கப்பட்ட நாள். வாரம் முழுக்க சேலையூர் கேம்ப் ரோட்டில் கம்பெனி பஸ் பிடித்து, மேடவாக்கம் சிக்னலில் பாதி ஆயுளையும் சோழிங்கநல்லூரில் மீதி ஆயுளையும் தொலைத்துவிட்டு, சிறுசேரிக்குப் போய் வருகிறேன். ஐம்பதைத் தாண்டிய முழங்காலுக்கு அந்த பஸ்ஸின் படி ரொம்ப உயரம். இதையெல்லாம் இந்தப் பக்கத்தில் ஏற்கெனவே நிறையப் புலம்பியாகிவிட்டது. வழக்கமாகப் படிப்பவர்கள் தாண்டிப் போகலாம்.

புதிதாக வந்தவர்களுக்கு மட்டும் — நான் சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலையில் இருக்கிறேன். அடுத்தவர் செய்து வைத்ததில் என்ன குறை என்று தேடிக் கண்டுபிடிக்கும் வேலை. மாமியார் வேலை என்பார் என் கணவர். மாமியாருக்குச் சம்பளம் கிடையாது, எனக்கு உண்டு. அது ஒன்றுதான் வித்தியாசம்.

இப்போது எங்கள் டீமின் கையில் இருப்பது வரன் பார்க்கும் தளம் ஒன்று. பெயர் வேண்டாம். அதைச் சோதித்துப் பார்க்க எங்களுக்கு ஆயிரக்கணக்கில் பெண்களும் பிள்ளைகளும் வேண்டும். நிஜ மனிதர்களின் விவரத்தை எடுத்து வைத்துக்கொண்டு விளையாடக் கூடாது — அது தப்பு. அதனால் பொய் மனிதர்களைத் தயார் செய்வோம். பொய்யான பெயர், பொய்யான வேலை, பொய்யான பிறந்த தேதி. அவர்களுக்குள் பொருத்தம் பார்ப்போம், சேர்த்து வைப்போம், பிரித்து வைப்போம். வேலை முடிந்ததும் மொத்தமாக அழித்துவிடுவோம். ஒருவரும் அழ மாட்டார்கள்.

இப்படிப் பொய்த் தகவல் தயாரிப்பதற்கென்றே இலவசமாக ஒரு லைப்ரரி, அதாவது யாரோ எழுதி வைத்த ரெடிமேட் புரோகிராம் மூட்டை, கிடைக்கிறது. பெயர் வேண்டுமா, அதற்கு ஒரு மெத்தட். முகவரி வேண்டுமா, அதற்கு இன்னொன்று. கார் நம்பர், கம்பெனி பெயர், பிடித்த நிறம்... எல்லாவற்றுக்கும் உண்டு. மெத்தட் என்றதும் பயப்பட வேண்டாம். ஒரு சின்னக் கட்டளை, அவ்வளவுதான். சிக்கல் என்னவென்றால் இந்தக் கட்டளைகள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. எதற்கு என்ன பெயர் என்று யாருக்கு ஞாபகம் இருக்கும்? காலையில் பிரஷர் மாத்திரை போட்டேனா இல்லையா என்பதே எனக்கு மத்தியானம் ஞாபகம் இருப்பதில்லை.

இதற்கு ஜெபா ஒரு வழி செய்தான். ஜெபா எங்கள் டீமின் டெவலப்பர். கீழ்க்கட்டளைக்காரன். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் கீபோர்டு வாசிப்பான். மற்ற நாட்களில் எங்கள் உயிரை வாங்குவான். கறுப்புத் திரையில் ஓடும் குட்டி டூல் ஒன்றை அவனே எழுதினான். பட்டன் கிடையாது, படம் கிடையாது, மவுஸுக்கு வேலையே கிடையாது. ‘பொய்’ என்று இங்கிலீஷ் எழுத்தில் அடித்து, ஓர் இடம் விட்டு, நமக்கு வேண்டியதை ஒரே வார்த்தையில் போட்டு என்டர் தட்ட வேண்டும். அது சம்பந்தப்பட்ட மெத்தட் எல்லாம் வரிசையாக வந்து நிற்கும். ஒவ்வொன்றுக்கும் பக்கத்திலேயே ஒரு சாம்பிள். தேடியது இல்லையென்றால், ‘அப்படி ஒரு பொய் கைவசம் இல்லை’ என்று பதில் வரும். அந்த வாசகமும் அவன் கைங்கர்யம்தான்.

எனக்கு அந்த டூலை ரொம்பப் பிடிக்கும். எங்கள் ஆபீஸில் கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லும் ஒரே ஜீவன் அது. இதைப் பற்றி ஒரு மீட்டிங் போடலாமா என்று கேட்காது.

ஆனால் அது காட்டிய சாம்பிள் மனிதர்கள் எல்லாரும் அமெரிக்கர்கள். நெப்ராஸ்காவில் குடியிருக்கும் ஜெனிஃபருக்கு விசாக நட்சத்திரம் போட்டு, செவ்வாய் தோஷம் இருக்கிறதா என்று டெஸ்ட் செய்துகொண்டிருந்தோம். தமிழுக்கு மாற்றிப் பார்த்தோம். வந்த பெயர்களெல்லாம் நேராகச் சங்க காலத்திலிருந்து இறங்கி வந்தவை. நம் தெருவில் யார் அப்படிப் பெயர் வைத்திருக்கிறார்கள்? டெமோ பார்க்க வந்த கிளையன்ட், எங்கள் கஸ்டமர்கள் எல்லாம் சேர சோழ பாண்டியரா மேடம் என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். சிரித்துவிட்டுப் போய், எல்லாம் அசல் மாதிரியே இருக்க வேண்டும் என்று ஒரு மெயிலும் போட்டார்.

அசல் மாதிரியே! வினை அங்கேதான் ஆரம்பித்தது.

ஜெபா உட்கார்ந்து நம் ஊர்ப் பெயர்களைச் சேர்த்தான். கார்த்திகேயன், சுரேஷ், பிரியா, கவிதா... தாம்பரம் ஸ்டேஷனில் நின்று கூப்பிட்டால் நாலு பேராவது திரும்பிப் பார்க்கும் பெயர்கள். சிட்லபாக்கம், பெருங்களத்தூர், மடிப்பாக்கம் என்று ஏரியாக்களைச் சேர்த்தான். போன் நம்பரும் அப்படியே. பார்த்ததுமே ‘பழைய சென்னை நம்பர்’ என்று நமக்குத் தெரியுமே, அந்த ஆரம்ப எண்களைக் கொடுத்தான். மீதி எண்களை மெஷின் தன் இஷ்டத்துக்குப் போட்டுக்கொள்ளும்.

மிச்சம் இருந்தது ‘எதிர்பார்ப்பு’ என்ற கட்டம். பிள்ளை வீட்டார் என்ன எதிர்பார்க்கிறார்கள் என்று எழுதும் இடம். நிஜத்தில் அங்கே ‘எதிர்பார்ப்பு எதுவும் இல்லை’ என்று போட்டிருந்தால் என்ன அர்த்தம் என்று பெண்ணைப் பெற்றவர்களுக்கெல்லாம் தெரியும். லைப்ரரிக்குத் தெரியாது. அது லத்தீனில் எதையோ உளறி வைத்தது. ஒரு நாள் சாப்பாட்டு வேளையில், நாமே எழுதினால் என்ன என்று டீமில் இருக்கும் பெண்களெல்லாம் உட்கார்ந்தோம். தயிர் சாதத்தைப் பிசைந்துகொண்டே ஆளுக்கு ஒன்று இரண்டு. ‘நகை பற்றிப் பேச வேண்டாம்.’ ‘வேலைக்குப் போவதும் போகாததும் பெண்ணின் விருப்பம்.’ ‘காபி போடத் தெரியாவிட்டால் பரவாயில்லை, எனக்குத் தெரியும்.’ சிரித்துச் சிரித்து எனக்குப் புரை ஏறிவிட்டது.

ஹேமா மட்டும் சிரிக்காமல் ஒரு வரி சொன்னாள். பெருங்களத்தூரில் அம்மாவோடு தனியாக இருக்கிற பெண். ‘பெண்ணின் அப்பா அம்மா எங்களோடேயே இருக்கலாம்.’

நல்லா இருக்கே என்று சொல்லி அதையும் ஜெபா டூலில் சேர்த்துக்கொண்டான். அன்றோடு எங்கள் டெஸ்ட் மாப்பிள்ளைகள் அத்தனை பேரும் ஊர் உலகத்தில் கிடைக்காத தங்கங்கள் ஆகிவிட்டார்கள். கிளையன்டுக்கும் பரம திருப்தி.

இதில் தப்பு எங்கே நடந்தது?

வரன் பொருந்தினால் பெண் வீட்டுக்கு ஒரு எஸ்.எம்.எஸ். போகும். டெஸ்ட் செய்யும்போது அது வெளியே போகாதபடி அடைத்து வைத்திருப்போம். கிளையன்டுக்கு அந்த மெசேஜ் நிஜமாகவே தன் போனில் வந்து விழுவதைப் பார்க்க ஆசை. திறந்துவிட்டோம். அவர் போன் ‘டிங்’ என்றது. சந்தோஷப்பட்டார், பஜ்ஜி சாப்பிட்டார், போய்விட்டார். திறந்ததை மூட வேண்டுமே? வேறு யாராவது மூடியிருப்பார்கள் என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டோம். அபார்ட்மென்ட்டில் குடியிருப்பவர்களுக்குப் புரியும் — தண்ணீர் மோட்டார் ஸ்விட்ச் கதை.

அன்று சாயந்திரம் டெஸ்ட் ஓடியது. மெசேஜ்களும் கிளம்பிப் போயின. பல நம்பர்கள் யாரிடமும் இல்லாதவை. இருந்தவர்களும் ஏதோ விளம்பரம் என்று தள்ளிவிட்டார்கள். நாள் முழுக்க போனில் வந்து விழும் குப்பையில் இதுவும் ஒன்று, யார் பார்க்கிறார்கள்?

அனகாபுத்தூரில் ஓர் அம்மா பார்த்தார்.

அவருக்குப் போன மெசேஜ் இதுதான்: ‘உங்கள் மகள் பிரியாவின் விவரங்கள் கார்த்திகேயன் குடும்பத்தாருக்குப் பிடித்துள்ளன. மணமகன் சிவில் இன்ஜினியர், சிட்லபாக்கம். எதிர்பார்ப்பு: பெண்ணின் அப்பா அம்மா எங்களோடேயே இருக்கலாம்.’

அந்த வீட்டில் நிஜமாகவே ஒரு பிரியா இருந்தாள். கல்யாணம் ஆகாத பிரியா.

இந்த இடத்தில் ஒன்று சொல்லிவிடுகிறேன். பெயர்களையும் ஊரையும் மாற்றியிருக்கிறேன். மாற்றுப் பெயர்கள் ஜெபாவின் டூல் கொடுத்தவை. பிரியா என்பதும் அசல் பெயர் இல்லை; ஆனால் அசலும் அதே அளவுக்குச் சகஜமான பெயர்தான். அந்த அம்மா இதைப் படித்துவிட்டால் என்ன ஆவது என்று கேட்பீர்கள். நானும் அவர் கணவரிடம் கேட்டேன். எங்க வீட்ல உங்க பத்திரிகையெல்லாம் வாங்கறதில்லை மேடம், தாராளமா எழுதுங்க என்றார். என் புகழ் எதுவரை பரவியிருக்கிறது என்று தெரிந்துகொண்டேன்.

அந்தக் கணவர்தான் வரன் தளத்தின் கஸ்டமர் கேருக்குப் போன் செய்தவர். தணிகாசலம் என்று வைத்துக்கொள்வோம். பையன் வீட்டு நம்பர் வேண்டும் என்று கேட்டார். அப்படி ஒரு பையனே எங்களிடம் இல்லையே என்றார்கள். அவர் விடவில்லை. சத்தம் போடாமல், மரியாதையாக, மறுபடி மறுபடி கூப்பிட்டார். மெசேஜ் இருக்கிறதே மேடம், படித்துக் காட்டட்டுமா என்றார். கடைசியில் அது எங்கிருந்து கிளம்பியது என்று தேடிப் பிடித்து, விஷயம் எங்கள் தலையில் வந்து விழுந்தது.

மீட்டிங் போட்டார்கள். நேரடியாகப் பேசி மன்னிப்புக் கேட்டுவிடுவது நல்லது என்று முடிவானது. யார் பேசுவது? எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நீங்கள்தான் வாரா வாரம் எழுதுகிறீர்கள், உங்களுக்குத்தான் பக்குவமாகப் பேச வரும் என்றார் மேனேஜர். எழுதுகிறவளுக்குப் பேச வரும் என்று யார் சொன்னது? பேச வராததால்தானே எழுதிக்கொண்டிருக்கிறேன். இதைச் சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை.

போன் செய்தேன். எங்கிருந்து பேசுகிறேன் என்று சொன்னதுமே அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“பொண்ணு பக்கத்துல இருக்கா மேடம். போன்ல வேணாம், நேர்ல பேசிடலாம். எங்க வரச் சொன்னாலும் வரேன்.”

‘ஒரு தப்பு நடந்துபோச்சு சார்’ என்ற வாக்கியம் என் நாக்கு நுனியில் இருந்தது. அதை விழுங்கிவிட்டு, சரி சார் என்றேன். அந்தக் குரலில் அவ்வளவு ஆசை. போனிலேயே போட்டு உடைக்க எனக்கு மனசு வரவில்லை.

ஆக, சனிக்கிழமை. தாம்பரத்திலிருந்து பல்லாவரம் வரை ரயில். அங்கிருந்து பம்மலுக்கு ஆட்டோ. ரோட்டைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். “இன்னா மேடம் பண்றது, ஒரு பக்கம் மூடிகினே வரான், இன்னொரு பக்கம் தோண்டிகினே போறான்” என்றார் ஆட்டோக்காரர், எந்த வருத்தமும் இல்லாமல். நான் மனசுக்குள் வாக்கியங்களை அடுக்கிக்கொண்டு போனேன். தொழில்நுட்பக் கோளாறு என்று ஆரம்பிக்கலாமா? கோளாறு என்றால் என்ன என்று கேட்டால்? எங்கள் கம்பெனி ஆழ்ந்த வருத்தம் தெரிவிக்கிறது என்று சொல்லலாமா? அவர் என்ன இரங்கல் கூட்டத்துக்கா வந்திருப்பார்?

எனக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தார். இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டை, நெற்றியில் விபூதி, கையில் ஒரு பிளாஸ்டிக் கவர். குரோம்பேட்டையில் ஒரு தனியார் கம்பெனியின் ஸ்டோர்ஸில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று கும்பிட்டார். நான் உட்காருவதற்குள் டீயும் வெஜ் பஃப்ஸும் சொல்லிவிட்டார். சாப்பிடுங்க மேடம், சாப்பிடுங்க என்று சம்பந்தி வீட்டு மனுஷியைக் கவனிப்பது போல என்னைக் கவனித்தார். அந்த பஃப்ஸை நான் எந்த முகத்தோடு சாப்பிடுவது, சொல்லுங்கள்?

நான் வாயைத் திறப்பதற்கு முன்னால் அவர் கவரைத் திறந்தார். ஜாதகத்தின் ஜெராக்ஸ். கூடவே ஒரு போட்டோ. பிரியாவுக்கு முப்பத்தைந்து தாண்டிவிட்டது. கிண்டியில் ஓர் ஆபீஸில் வேலை. கண்ணாடி போட்டுக்கொண்டு, சிரிக்கச் சொல்லியும் சிரிக்காமல், நேராக கேமராவைப் பார்க்கிறாள். எனக்கு அந்தப் பெண்ணைப் பிடித்துப் போயிற்று. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

ஒரே பெண். அப்பாவுக்கு இதய ஆபரேஷன் ஆனதிலிருந்து, வருகிற வரன்களிடமெல்லாம் அவள் ஒரே ஒரு விஷயம்தான் கேட்பாளாம். அப்பா அம்மா என்னோடுதான் இருப்பார்கள். வேறு ஒன்றும் கேட்டதில்லை. வந்தவர்கள் கேசரி சாப்பிட்டுவிட்டு, போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்று போனார்கள். சிலர் ஜாதகம் சேரவில்லை என்று சொன்னார்கள். பலர் அதையும் சொல்லவில்லை. சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு நாள், இனிமேல் வீட்டில் இந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது, எங்கேயும் என் பெயரைக் கொடுக்கக் கூடாது என்று பிரியா சொல்லிவிட்டாள். இவர்களும் எடுக்கவில்லை.

அப்புறம்தான் இந்த மெசேஜ் வந்தது.

“நாங்க எங்கயும் ரிஜிஸ்டர் பண்ணலை மேடம். அப்ப அவதானே பண்ணியிருக்கணும்? எங்ககிட்டகூட சொல்லாம, அவளாவே... அந்தக் கண்டிஷனையும் போட்டு.”

பிரியாவிடம் கேட்டீர்களா என்றேன். கேட்கவில்லையாம். கேட்டால் கூச்சப்பட்டு, பெயரை எடுத்துவிடுவாளோ என்று பயம். மூன்று பேர் இருக்கிற சின்ன வீட்டில், இரண்டு பேர் ஒரு சந்தோஷத்தை மூன்றாவது ஆளுக்குத் தெரியாமல் ஒளித்து வைத்துக்கொண்டிருக்கிறார்கள். அம்மா சமையல்கட்டில் பாட்டு முணுமுணுக்கிறாராம். பெண் என்ன விசேஷம் என்று கேட்டால், ஒன்றுமில்லை, டிவியில் கேட்டது என்கிறாராம். இதைச் சொல்லும்போது தணிகாசலத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

நான் டீ கிளாஸைக் கீழே வைத்தேன். இதற்கு மேல் அவரைப் பேசவிட்டால் அது பாவம்.

சொல்லிவிட்டேன். அடுக்கி வைத்த வாக்கியம் ஒன்றுகூட வரவில்லை. டெஸ்ட் பண்றதுக்காக கம்ப்யூட்டரில் பொய்யா ஆளுங்களை உண்டாக்குவோம் சார், கார்த்திகேயன் அப்படி ஒரு ஆள், சிட்லபாக்கத்தில் அப்படி ஒரு வீடே கிடையாது, உங்க பொண்ணு பேரும் உங்க வீட்டு நம்பரும் மெஷின் தானாகப் போட்டது, அது வெளியே வந்திருக்கவே கூடாது, எங்க தப்பு... கோர்வை இல்லாமல் கொட்டினேன். நடுநடுவே மன்னிச்சிடுங்க, மன்னிச்சிடுங்க. எனக்கு அவ்வளவு வெட்கமாக இருந்தது.

அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் எனக்குச் சுலபம். கேஸ் போடுவேன் என்றால் என்ன சொல்ல வேண்டும், பத்திரிகைக்குப் போவேன் என்றால் என்ன சொல்ல வேண்டும் என்று ஆபீஸில் சொல்லிக் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். அவர் போட்டோவை எடுத்துத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டார். உள்ளே யாருக்கோ ஜூஸ் போடும் மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. அது நின்றதும் கேட்டார்.

“பையன் இல்லைன்னா பரவாயில்ல மேடம். அப்ப... அவ சம்மதிக்கலையா?”

இதற்கு யாரும் எனக்குச் சொல்லிக் கொடுத்து அனுப்பவில்லை.

இல்லை சார் என்றேன். அவர் தலையாட்டினார். ஜெராக்ஸை மடித்தார். போட்டோவை அதற்குள் வைத்து, இரண்டையும் கவரில் போட்டார். அந்தக் கண்டிஷனும் மெஷின் எழுதியதா என்று கேட்டார். இல்லை, எங்கள் ஆபீஸில் ஒரு பெண் எழுதியது என்றேன். அந்தப் பெண்ணுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா என்றார். இல்லை என்றேன். மறுபடியும் தலையாட்டினார். அதற்கு மேல் அவர் ஹேமாவைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமலேயே அவருக்குப் புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

யோசித்துப் பார்க்கிறேன். நெப்ராஸ்கா ஜெனிஃபரால் யாருக்காவது ஒரு கெடுதல் உண்டா? அவள் பாட்டுக்கு விசாக நட்சத்திரத்தோடு சமர்த்தாக இருந்தாள். சங்க காலத்து மாப்பிள்ளை யாராவது எஸ்.எம்.எஸ். அனுப்பியிருந்தால் அந்த அம்மா சிரித்துவிட்டு அழித்திருப்பார். அசல் மாதிரி இருக்கட்டும் என்று நாங்கள் சேர்த்தோமே, நம் ஊர்ப் பெயர், நம் ஊர்த் தெரு, நம் ஊர் நம்பர், கடைசியாக ஒருத்தியின் நிஜமான ஆசை... ஒவ்வொன்றாக அந்தப் பொய்யைக் கொண்டு போய் அனகாபுத்தூரில் ஒரு வீட்டு வாசலில் விட்டுவிட்டன. பொய் என்றால் அதில் கொஞ்சம் ஓட்டை இருக்க வேண்டும். ஓட்டை இல்லாத பொய்யை யாரோ ஒருவர் நம்பித்தான் தீருவார்.

எழுந்திருக்கும்போது அவர் ஓர் உதவி கேட்டார்.

“என் வொய்ஃபுக்கு, வேணாம்னு சொல்றவங்க பழக்கம் மேடம். எத்தனையோ பேர் சொல்லியாச்சு, தாங்கிக்குவா. ஆளே இல்லைன்னா தாங்க மாட்டா. பையன் வீட்ல ஜாதகம் சேரலைன்னு சொல்லிட்டாங்கன்னு ஒரு மெசேஜ் அனுப்பிடுங்க. போதும்.”

ஒரு பொய்க்கு மன்னிப்புக் கேட்க வந்தவளிடம் இன்னொரு பொய் கேட்கிறார். முடியாது சார் என்று சொல்லியிருக்க வேண்டும். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். நான் தொடாத பஃப்ஸைக் கட்டிக் கொடுக்கச் சொல்லி, என் கையில் கொடுத்து, ஆட்டோ வரைக்கும் வந்து வழியனுப்பினார். வீட்டுக்கு வந்து படுத்தேன். தூக்கம் வரவில்லை. கணவர் என்ன ஆயிற்று என்று கேட்டார். ஒரு மாப்பிள்ளை பேச்சு தட்டிப் போச்சு என்றேன். யாருக்கு என்றார்.

திங்கட்கிழமை ஜெபாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவன் ஏற்கெனவே பாதி ஆளாகியிருந்தான். சிஸ்டத்திலிருந்து அப்படி ஒரு மெசேஜ் அனுப்பினால் நம் இரண்டு பேருக்கும் வேலை போய்விடும் அக்கா என்றான். சொல்லிவிட்டு, அவன் பாட்டுக்குக் கறுப்புத் திரையைத் திறந்தான். நிராகரிப்பு என்று இங்கிலீஷில் அடித்தான். அப்படி ஒரு பொய் கைவசம் இல்லை. வருத்தம் என்று அடித்தான். அப்படி ஒரு பொய் கைவசம் இல்லை. இன்னும் ஏதேதோ அடித்துப் பார்த்தான். அந்த வாசகத்தை எழுதிய அன்று எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டிச் சிரித்தவன், இப்போது என் முகத்தைப் பார்க்காமல் திரையை மூடினான்.

மத்தியானம் ஹேமா என் இடத்துக்கு வந்தாள். ஜெபா சொல்லியிருக்க வேண்டும்.

“அக்கா, அந்த வரியை எடுத்துட்டீங்களா?”

“எடுத்தாச்சும்மா.”

சரிக்கா என்றாள். பிறகு தன் இடத்துக்குப் போய்விட்டாள். அவளிடம் வேறு என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று இந்த நிமிஷம் வரை எனக்குத் தெரியவில்லை.

சாயந்திரம் பஸ்ஸில், மேடவாக்கம் சிக்னலில் நிற்கும்போது, என் சொந்த போனை எடுத்தேன். அந்த அம்மாவின் நம்பர் என்னிடம் இருந்தது. யாராக எழுதுவது? கார்த்திகேயனின் அக்காவாக எழுதலாம். சரி, பிறக்காத தம்பிக்கு அக்கா ஆனேன். எழுதினேன், அழித்தேன். வாரா வாரம் உங்களிடம் பக்கம் பக்கமாக அளப்பவளுக்கு நாலு வரி வரவில்லை. பெண்ணைக் குறை சொல்லக் கூடாது. அவர்கள் நிலைமையைக் குறை சொல்லக் கூடாது. இன்னொரு தடவை பேசிப் பார்க்கலாம் என்று ஆசை வரும்படியும் இருக்கக் கூடாது. இவ்வளவையும் தாங்குகிற ஒரே காரணம் ஜாதகம்தான். அந்த வசதி மட்டும் நம் ஊரில் இல்லாவிட்டால் எத்தனை பேர் எவ்வளவு உண்மைகளைச் சொல்ல வேண்டியிருக்கும்!

‘வணக்கம் அம்மா. நான் கார்த்திகேயனின் அக்கா. உங்கள் பெண்ணை எங்கள் எல்லாருக்கும் பிடித்திருந்தது. ஜாதகம் மட்டும் சேரவில்லை என்று சொல்லிவிட்டார்கள். மன்னித்துக்கொள்ளுங்கள்.’

செம்பாக்கம் தாண்டும்போது அனுப்பினேன். அதில் ஒரு வரி உண்மை. பெண்ணைப் பிடித்திருந்தது.

இறங்குவதற்காக எழுந்து நின்றபோது பதில் வந்தது. அந்த அம்மா தமிழில், நிறுத்தி நிதானமாக டைப் செய்திருந்தார்.

‘பரவாயில்லம்மா. பெண்ணைப் பெத்தவங்களையும் கூட வச்சுப் பாத்துக்கறேன்னு சொன்ன பிள்ளை. தம்பிக்கு நல்ல இடமா அமையணும். நான் கோயில்ல வேண்டிக்கிறேன்.’

மறுநாள் காலையில் டெஸ்ட் டேட்டா மொத்தத்தையும் அழித்தோம். நாங்கள் இதுவரை அழித்த பொய் மனிதர்களில், யாரோ ஒருவர் கோயிலில் வேண்டிக்கொண்ட ஆள் கார்த்திகேயன் மட்டும்தான்.